240 சக்கரப் பணிவு

நம் நெடுஞ்சாலைகளில் ஓடுகிற வண்டிகளிலேயே ஒழுக்கமானது எது என்று வாக்கெடுப்பு நடத்தினால், என் ஓட்டு ‘ஓடிசி’க்குத்தான். கொதிகலன், மின்மாற்றி, காற்றாலை இறகு என்று சட்டம் சொன்ன அளவுக்குள் அடங்காத சரக்கை லாரிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை ஏற்றிவரும் டிரெய்லரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் என்பது உண்மை. ஆனால் உருவத்தை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்று மனிதர்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிற நாம், டிரெய்லர் விஷயத்தில் ஏனோ அதை மறந்துவிடுகிறோம். சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. தாண்டினால் வழி சொல்லி, எடை சொல்லி, எத்தனை ஆக்சில் என்று கணக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். வழியிலுள்ள பாலம், மின்கம்பி, மரக்கிளை எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒருவர் போய் அளந்து வர வேண்டும். புறப்பட்டால் முன்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு பைலட் வண்டி. பின்னால் ஆமையும் பொறாமைப்படாத வேகம். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு முன்னேற்பாடு கிடையாது. ஆகவே என் கட்சி இதுதான்: ரொம்பப் பெரிய வண்டியைக் கண்டு பயப்படுகிற பயத்தை, கொஞ்சம் பெரிய வண்டிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும்.

முதல் சாட்சியாகப் பெருமாளையே அழைக்கிறேன். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் ஒரே கல்லில் வெட்டியெடுத்த பெருமாள் சிலை, பெங்களூரு ஈஜிபுராவிலுள்ள கோதண்டராமர் கோயிலுக்காக 2018 டிசம்பரில் புறப்பட்டது. 64 அடி உயரம், 300 டன்னுக்கு மேல் எடை, சுமந்த டிரெய்லருக்கு 240 சக்கரங்கள். போய்ச் சேர்ந்தது 2019 ஜூனில். பாதயாத்திரை போகிறவர் இரண்டு வாரத்தில் நடந்துவிடும் தூரம். பெருமாளுக்கு ஆறு மாதம் பிடித்தது. வழியில் டயர்கள் வெடித்தன, குறுகலான ஊர்களில் கட்டடங்களை இடித்து வழிவிட வேண்டியிருந்தது, ஒசூர் அருகே தென்பெண்ணையாற்றில் பாலத்தை நம்பாமல் பக்கத்திலேயே மண்பாதை போட்டார்கள். இவ்வளவு பெரிய பாரம் போனால் தார்ச்சாலை அப்பளமாகியிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரி வருகிறது. சிலை, டிரெய்லர் எல்லாம் சேர்த்து 500 டன் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 240 சக்கரத்துக்குப் பிரித்தால் ஒரு சக்கரத்துக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல். நாம் தினமும் பார்க்கும் லாரியின் பின்புற ஆக்சிலுக்கு, நான்கு டயர் இருந்தால், 2018இல் உயர்த்திய வரம்பு 11.5 டன். அதாவது டயர் ஒன்றுக்கு 2.9 டன் வரை. சட்டத்தை அட்சரம் பிசகாமல் மதிக்கும் ஒரு சிமென்ட் லாரிகூட, விசுவரூபம் எடுத்த பெருமாளைவிட அழுத்தமாகத்தான் சாலையை மிதித்துக்கொண்டு போகிறது. சட்டத்தை மதிக்காத மணல் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லத்தான் வேண்டும், இந்த வழக்கின் உயிர்நாடியே அதுதான். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1958 முதல் 1960 வரை, புதிதாகச் சாலைகள் போட்டு அவற்றின் மேல் ராணுவ வீரர்களைக் கொண்டு இரவு பகலாக லாரிகளை ஓட்டினார்கள். சாலையைக் கெடுப்பதற்கென்றே அங்கே அரசு செலவில் சாலை போட்டார்கள். மற்ற இடங்களில் அது தானாக நடக்கிறது. அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த கணக்கைச் சாலைப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: ஆக்சிலின் மேல் எடை கூடினால், சாலைக்கு வரும் கேடு ஏறக்குறைய அந்த விகிதத்தின் நான்காம் அடுக்கில் கூடும். எடை இரண்டு மடங்கானால் கேடு பதினாறு மடங்கு. எடை இருபது சதவீதம் கூடினாலே கேடு இரட்டிப்பு. “சும்மா ரெண்டு டன்தானே, வழியில் பார்த்துக்கலாம்” என்று குவாரியில் ஏற்றுகிற அந்த இரண்டு டன் இருக்கிறதே, அது 240 சக்கர டிரெய்லருக்கு இல்லாத வல்லமை கொண்டது. டிரெய்லரை எல்லாரும் நின்று பார்க்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள், செய்தித்தாளில் போடுகிறார்கள். இரண்டு டன் கூடுதலாக ஏற்றிய லாரியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த மழையில் பள்ளம் விழுந்ததும் ஒப்பந்ததாரரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒப்பந்ததாரருக்கும் அதில் பங்கு இருக்கலாம். முழுப் பெருமையும் அவருக்கே என்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

எடையில் மட்டும் இந்த அநியாயம் என்றில்லை, நீளத்திலும் அப்படியே. சென்னைக்கு அருகே செய்த 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள காற்றாலை இறகுகள் தூத்துக்குடி துறைமுகம் வரை சாலையிலேயே போய்க் கப்பல் ஏறியிருக்கின்றன. அந்த இறகு திரும்பும் வளைவில் அதன் வால் எந்த டீக்கடைக்கு மேலே போகும் என்பது புறப்படும் முன்பே ஒருவருக்குத் தெரியும். இப்போது நம் ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியைப் பாருங்கள். வீடு கட்டும் கம்பியை ஏற்றிக்கொண்டு, நாலைந்து அடி பின்னால் நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு போகிறது. இப்படி நீட்டுவதற்கு 2014லேயே தடை வந்துவிட்டது. துணிக்குத் தடை வந்த விவரம் தெரியவில்லை போலிருக்கிறது, அது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. பகலில் அது எச்சரிக்கை. இரவு எட்டு மணிக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்றுதான். கம்பி மட்டும் கம்பியாகவே இருக்கும். 80 மீட்டர் இறகு மோதி இறந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை. நாலடிக் கம்பி அப்படி நல்ல பெயர் எடுத்ததல்ல.

இதற்குச் சிலர் ஆட்சேபம் சொல்வார்கள்: ஓடிசி வந்தால் ஊரே ஸ்தம்பித்துவிடுகிறதே, அந்த நேரத்துக்கெல்லாம் கணக்கில்லையா? இருக்கிறது. ஆனால் நெரிசலை யார் உண்டாக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டிரெய்லர் ஒரு வரிசையாகத்தான் போகிறது. அதற்குப் பின்னால் ஒரு நிமிடம் நிற்கப் பொறுக்காமல் எதிர்த்தடத்தில் இரண்டாம் வரிசை, மண்ணில் இறங்கி மூன்றாம் வரிசை என்று பிரிவது நாம். எதிர்ப்பக்கத்துக்காரர்களும் அதே அறிவோடு மூன்று வரிசையாக வந்து சேர்ந்ததும் முடிச்சு இறுகிவிடுகிறது. நமக்குப் பொறுமையே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன். திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த பிறகும், முட்டுக்கட்டை போட்டுத்தான் அதைத் திருப்புகிறார்கள். வீதி மூலையில் தேர் திரும்பப் பிடிக்கும் நேரத்தில் ஒருவர்கூட ஹாரன் அடிப்பதில்லை, இடது பக்கமாக நுழைந்து முந்தப் பார்ப்பதில்லை. அதே ஜனம்தான் மறுநாள் பைபாஸில் வருகிறது. பாலத்தைச் சொல்லி ஆட்சேபித்தால் மட்டும் நான் அடங்கிவிடுகிறேன். சக்கரத்தை எத்தனை கூட்டினாலும் மொத்த எடையும் ஒரே நேரத்தில் பாலத்தின் மேல் ஏறத்தான் செய்யும். தென்பெண்ணையில் மண்பாதை போட்டதற்குக் காரணம் அதுதான்.

சரி, ஓடிசி எப்போதாவது வருவது. அன்றாடம் பக்கத்தில் ஓடும் சாதாரண லாரியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? லாரியின் பிரேக் காற்றில் வேலை செய்கிறது. மிதித்ததற்கும் பிடிப்பதற்கும் இடையே அரை நொடி வரை போய்விடும். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் அரை நொடி என்பது எட்டு மீட்டர், இரண்டு சின்னக் கார்களின் நீளம். அதனால்தான் விவரமான ஓட்டுநர் முன்னால் இடம் விட்டு வருகிறார். அந்த இடத்தைக் காரில் போகிற நாம் காலி மனையாக நினைத்து உடனே குடியேறுகிறோம். அவர் மறுபடி பின்வாங்கி இடம் விட்டால், அடுத்த கார் பட்டாவோடு வருகிறது. இடப்பக்கம் திரும்ப வேண்டிய நீள லாரி முதலில் வலப்பக்கம் ஒதுங்கும், பின்சக்கரம் உள்ளே வெட்டி வரும் என்பதற்காக. அப்போது இடப்பக்கம் திறக்கிற இடைவெளியைக் கடவுள் தந்த வழி என்று இருசக்கர வண்டி நுழைகிறது. ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் தெரிவதே இல்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

லாரிக்காரர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நான்கு வழிச்சாலையில் வலது ஓரத் தடத்தைத் தாத்தா சொத்துபோல் பிடித்துக்கொண்டு போவதற்கும், நடுராத்திரியில் பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நிறுத்திவிட்டுத் தூங்குவதற்கும் என்னிடம் வக்காலத்து இல்லை. தூங்குவதற்கு இடம் கட்டிக்கொடுக்காத சாலையில் வேறெங்கே தூங்குவார் என்பது பாதி பதில்தான். விளக்குப் போடாததற்கு அது பதிலாகாது. ஆனால் ஓவர்லோடு விஷயத்தில் அவரைத் தனியாகக் கூண்டில் ஏற்றுவதை ஏற்க மாட்டேன். வாடகை டன் கணக்கில் பேசப்படுகிறது. ஏற்றச் சொல்வது சரக்குக்காரர், சம்மதிப்பது முதலாளி. 2019இல் திருத்திய சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு டன்னுக்கு 2,000 ரூபாய் என்று அபராதம் வைத்திருக்கிறது. ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஓட்ட வைத்தவருக்கும் ஓட்ட விட்டவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் செக்போஸ்டில் கைக்கு எட்டுகிறவர் ஒருவர்தான். மற்ற இருவரும் அந்த நேரத்தில் அடுத்த லோடுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள்.