பட்டமா, பட்ட கடனா?
மாமாவிடம் கேளுங்கள்

கே: மகனுக்குத் தனியார் கல்லூரியில் வணிக நிர்வாகம் கிடைத்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு எண்பதாயிரம் வெள்ளியாம். சேர்க்கலாமா மாமா?
– ஒரு தாய், தாமான் செந்தோசா, கிள்ளான்

ப: பணம் கட்டினால் யாருக்கும் தருவதை "கிடைத்தது" என்று சொல்லாதேம்மா, "வாங்கினோம்" என்று சொல். அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கு யூ.பி.யூ.வில் விண்ணப்பம் போட்டானா? அதை முதலில் சொல். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பங்கை அரசாங்கமே சுமக்கிறது. அங்கே விலைதான் குறைவு, மதிப்பு குறைவில்லை.

கே: அதற்கு ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம். எழுத வேண்டுமே, ரொம்பக் கஷ்டம் என்கிறார்களே?
– அதே தாய் (போன் செய்து கேட்டது)

ப: கஷ்டம்தான். ஒன்றரை வருடம், மூன்று தவணை, ஒவ்வொன்றிலும் பரீட்சை. ஆனால் அரசாங்கப் பள்ளியில் ஏறக்குறைய இலவசம். உன் தாலிக்கொடி அடகுக் கடையில் தூங்குவதைவிட, உன் பிள்ளை கொஞ்ச நாள் தூங்காமல் இருப்பது மேல்.

கே: பில் கேட்ஸ் படிப்பை விட்டவர்தானே? பிறகு எதற்குப் பட்டம்?
– ஓர் இளைஞர், பிரிக்பீல்ட்ஸ்

ப: அவர் விட்டது ஹார்வர்டை, தம்பி. நீ எதை விடப் போகிறாய்? பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவைப் பார்ப்பானேன். உன் ஊரில் பிறந்த ஆனந்தகிருஷ்ணனைப் பார். விவேகானந்தா தமிழ்ப்பள்ளி, பிறகு விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம், 1964-இல் அதே ஹார்வர்டில் எம்.பி.ஏ. அவருடைய மேக்சிஸும் அஸ்ட்ரோவும் வந்தது அதற்குப் பிறகுதான். கேட்ஸ் விட்டுப்போன வாசலில் நம்ம ஊர்க்காரர் முன்பே நுழைந்து பட்டத்தோடு வெளியே வந்துவிட்டார்.

கே: மகளை டாக்டராக்குவது என் வாழ்நாள் கனவு. வீட்டை அடகு வைக்கலாமா?
– ஒரு தந்தை, காப்பார்

ப: ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முதலில் அவளைக் கேளுங்கள்.

அவளும் ஆசைப்பட்டால் கணக்குப் பாருங்கள். தனியாரில் மருத்துவம் என்றால் பல லட்சம் வெள்ளி. முன்பெல்லாம் படித்துவிட்டு வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை காத்திருக்கும். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில், அந்த ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வேலையைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள், தங்கள் வேலையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்ட நாள் அது.

வெளிநாடு மலிவு என்று ஏஜெண்டு வருவான். 2005-இல் கிரைமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மலேசியா விலக்கியபோது நம்மவர் வீடுகளில் எத்தனை பேருக்குத் தூக்கம் போனது! மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலைப் பார்க்காமல் ஒரு காசு கட்டாதீர்கள். அடகு வைத்த வீட்டில் நோயாளியாகப் படுப்பது அப்பாதான்.

கே: மெட்ரிகுலேஷனில் நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா, இல்லையா?
– ஓர் ஆசிரியர், பந்திங்

ப: 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கினார்கள். பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 விழுக்காடு என்ற பங்கீடு மட்டும் அசையவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். நல்ல சேதி, கைதட்டினேன். ஆனால் ஆசிரியரே, உங்கள் வகுப்பில் அப்பா இல்லாமல், அம்மாவின் கடையில் வேலை செய்துகொண்டே 6 ஏ எடுத்த பிள்ளை ஒன்று இருக்குமே? எனக்கு அந்தப் பிள்ளைமேல்தான் கவலை.

கே: பி.டி.பி.டி.என். படிப்புக் கடனைக் கட்டாவிட்டால் என்ன ஆகிவிடும்? அரசாங்கப் பணம்தானே?
– ஒரு பட்டதாரி, பூச்சோங்

ப: உன் தம்பியின் பணம். 1997-இல் தொடங்கிய நிதி இது; ஒருவர் திருப்பிக் கட்டுவது அடுத்தவர் படிப்புக்குப் போகிறது. வருடத்துக்கு ஒரு விழுக்காடு கட்டணம். கள்ள வட்டிக்காரன் ஆ லோங் ஒரு வாரத்துக்கு அதைவிட அதிகம் கேட்பான், கதவில் சிவப்புச் சாயமும் ஊற்றுவான். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைக்கு உட்பட்டு, கடனே தள்ளுபடி. அந்த வாய்ப்பு உன் கையில் நான்கு வருடம் இருந்தது.

கே: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கிராப் ஓட்டினால் உடனே காசு. நிறுத்திவிடவா?
– ஒரு மாணவர், ஷா ஆலாம்

ப: படிக்காதவனுக்குக் கடன் இல்லை. படித்து முடித்தவனுக்குக் கடனும் உண்டு, பட்டமும் உண்டு. பாதியில் விட்டவனுக்குக் கடன் மட்டும் உண்டு. முடித்துவிட்டு வா, ராசா. கிராப் எங்கேயும் ஓடிவிடாது. அது ஓடுவதே நீ ஓட்டினால்தான்.

கே: பையன் ஏர்கோன் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரன். ஆனால் சொந்தக்காரர்கள் "பட்டம் இல்லையா?" என்கிறார்கள்.
– ஒரு தந்தை, மேரு

ப: அவர்கள் வீட்டு ஏர்கோன் கெடும்வரை பொறுங்கள். அதற்குள் பையனை மனிதவளத் துறையின் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்த்துவிடுங்கள். எஸ்.கே.எம். தொழில்திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்கு மேல் டிப்ளோமா, அதற்கு மேல் உயர் டிப்ளோமா. உயர்கல்வி முடித்து வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் தங்கள் படிப்புக்குக் குறைந்த வேலையில் இருக்கிறார்கள் என்று புள்ளிவிவரத் துறையே சொல்கிறது. உங்கள் பையன் தன் வேலைக்குச் சரியான படிப்பைப் படிக்கட்டும்.

கே: மகள் பட்டதாரி, சம்பளம் 2,300. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ஆகிவிட்டது. 600 வெள்ளிக்கா நான்கு வருடம்?
– ஒரு தாய், பெட்டாலிங் ஜெயா

ப: நாற்று நட்ட மறுநாளே நெல் எங்கே என்று கேட்கிறாயேம்மா! ஐந்து வருடம் கழித்து அதே 600-இல் நின்றால் எழுது, நானும் உன்னோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

கே: இ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கலாமா?
– ஒரு தொழிற்சாலை ஊழியர், ரவாங்

ப: சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் உங்களுக்கு அறுபது வயதாகும்போது சோற்றுக்கு யாரும் பி.டி.பி.டி.என். தரமாட்டார்கள். பிள்ளை சின்னவன் என்றால் இன்றே எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கைத் திறந்து முடிந்ததைப் போடுங்கள், வருமான வரியிலும் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 1960-இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, பால்மரம் சீவியவர்கள் சம்பளத்தில் கிள்ளிக் கிள்ளிப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களுடைய பேரன்தானே நீங்கள்?

கே: கல்விக் கண்காட்சியில் இன்றே கையெழுத்துப் போட்டால் ஐபேட் இலவசமாம்!
– ஒரு மாணவி, சுபாங்

ப: எண்பதாயிரம் வெள்ளிக்கு ஐபேட் எங்கேயும் விற்பதில்லை, தங்கச்சி. படிப்புகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ.வின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா, பதிவுக் கட்டணம் பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, போன வருடம் தேறியவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேள். பதில் வரும்வரை பேனாவைப் பைக்குள் வை.

கே: வயது 46. லோரி ஓட்டுகிறேன், போர்ட் கிள்ளான். இப்போது பட்டம் படித்தால் சிரிப்பார்களா?
– ஓர் ஓட்டுநர்

ப: மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உங்களைப் போல வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 2000-இல் வந்ததுதான். அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. சிரிப்பார்கள், அண்ணே, முதல் வாரம். பரீட்சை நெருங்கும்போது உங்கள் நோட்டைக் கடன் கேட்பார்கள்.