சித்திரை மாதத்துச் சித்திரக்காரர்

பங்குனி கடைசியில் வேப்பமரம் பூத்துக் கொட்ட ஆரம்பித்ததும் தெருவுக்கு ஓர் ஓவியர் உற்பத்தியாகிவிடுகிறார். மார்ச் 31 அன்று பணி ஓய்வு, சந்தன மாலை, மைசூர்பாகு, மேலதிகாரியின் அன்பான பொய்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் கையில் வண்ணப் பெட்டி. நடுவில் இருக்கும் அந்த மூன்று நாளில் மனிதருக்குள் என்னதான் நடக்கிறது என்று யாராவது மருத்துவர் ஆராய வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் எதிர்வீட்டு சார் இந்த இனத்தில் அசல் வித்து. முப்பத்தாறு வருஷம் வங்கியில் இருந்தவர். அதில் பாதிக் காலம், காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் பதிவேட்டில் இருக்கும் மாதிரியையும் மாறி மாறிப் பார்த்து, ஒரு கொம்பு கோணினாலும் ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று திருப்பி அனுப்பியவர். அதே கண்ணோடுதான் தோட்டத்தைப் பார்க்க வந்தார். வினையும் அங்கேதான் தொடங்கியது.

இந்த வகை மனிதர்கள் வரைவதற்கு முன் வாங்குவார்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பன்னிரண்டு வில்லைப் பெட்டி இவர்களுடைய தகுதிக்குக் குறைவு. ட்யூப்தான் வேண்டும். தாள் என்றால் முந்நூறு ஜி.எஸ்.எம்., அதுவும் நூறு சதவீதம் பருத்தி. “பருத்தியில தாளா? அந்தக் காசுக்கு ரெண்டு புடவை வந்திருக்குமே” என்றார் சாரின் மனைவி, எங்களுக்கு அக்கா. அடுத்து அணில் முடியில் செய்த எட்டாம் நம்பர் தூரிகை வந்தது. தண்ணீரை வயிறு நிறையக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம். அதைக் கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் நகை வைக்கிற அறையிலேயே வைத்தார்.

ஒரு நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஈஸல் வாங்கப் போறேன்” என்று கிளம்பினார்.

“மழையே காணோம், ஈசல் எங்கேங்க கிடைக்கும்? கிடைச்சாலும் இந்த வயசுல வறுத்துத் தின்னா செரிக்குமா?”

மூன்று கால் வைத்த அந்தப் பலகை வந்து இறங்கியது. வேப்பமரத்தடியில் நிறுத்தினார். தாளைப் பொருத்தினார். தூரிகையை நனைத்தார். அரைமணி நேரம் அப்படியே நின்றார். நான் கேட்டைத் திறந்துகொண்டு போய் என்ன ஆயிற்று என்றேன். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கின தாள் சார் இது. இதுல போய் வரையறதா?” என்றார். நியாயம்தான். அன்றிலிருந்து பயிற்சி எல்லாம் வீட்டில் சேர்ந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில். வழவழப்புத் தாளில் தண்ணீர் ஒட்டாமல் தாமரை இலையில் ஓடுவது மாதிரி ஓடும். முன்பக்கம் விநாயகர், பின்பக்கம் விபத்து.

இவரைப் போன்றவர்களிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். சர்ச்சில் தூரிகையைத் தொட்டது 1915-ல், கடற்படை அமைச்சர் பதவி போன பிறகு, நாற்பது வயதில். முதல் நாள் வெள்ளைத் திரையைப் பார்த்து அவரும் நடுங்கி, நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு நின்றுபோனார். அப்புறம் ஓவியரின் மனைவி ஒருவர் வந்து அதே திரையில் சரமாரியாக வண்ணத்தை இழுத்துக் காட்டியதும்தான் பயம் தெளிந்தது. தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி 1930-ல் பாரிசில் நடந்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் சார் தேதியோடு சொல்வார். தாமதமாகத் தொடங்கித் தேறாமல் போனவர்களின் பட்டியலும் எங்காவது இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

“மோனேன்னு ஒருத்தர், 1883-ல ஷிவெர்னிங்கிற கிராமத்துக்குக் குடிபோயி, நாற்பத்து மூணு வருஷம், சாகிற வரைக்கும் அங்கேயே தோட்டம் போட்டு வரைஞ்சார்” என்று ஒரு நாள் அக்காவிடம் சொன்னார்.

“அந்தத் தோட்டத்துக்கு யாருங்க தண்ணி ஊத்தினது?”

“ஆள் வச்சிருந்தார்.”

“அதான பார்த்தேன்.” அக்கா ஹோஸை எடுத்துக்கொண்டு செம்பருத்திப் பக்கம் போய்விட்டார்.

குரு யூடியூபில் இருந்தார். இங்கிலாந்துக்காரர். அவருடைய வசந்தத்தில் புல் ஈரமாக இருக்கும், வானம் பால் கலந்த மாதிரி இருக்கும், முதல் பாடமே டாஃபோடில் பூ. சார் ஆயுளில் டாஃபோடிலைப் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்துப் பார்த்து எட்டு டாஃபோடில் போட்டார். அக்கா எட்டிப் பார்த்து, “மாரியம்மன் கோயில் திருவிழாவா? இத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்காங்க” என்றார்.

அந்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு கட்டத்திலும், இது காயட்டும், அதற்குள் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்பார். இங்கே முப்பத்தெட்டு டிகிரி. நீர்வண்ணத்தில் பாதி வித்தை ஈரத்தில்தான் இருக்கிறது. தாளை முதலில் நனைத்துவிட்டு அதன்மேல் வண்ணத்தை விட்டால் அது தானாகப் பரவி, ஓரம் கரைந்து, பூவின் இதழ் காற்றில் கலக்கிற மாதிரி வரும். சார் தாளை நனைப்பார். தூரிகை வண்ணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் தாள் பொரித்த அப்பளம் போல விறைத்து நிற்கும். நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றுதான் பிரித்து வைத்தார்கள். அக்கினி நட்சத்திரத்தையும் அதற்குள்ளேயே வைத்தார்கள். பெயரில் வேனில் இருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. நாம்தான் ‘இள’வை மட்டும் படித்துவிட்டு வெளியே வந்து உட்காருகிறோம்.

சார் தோற்கவில்லை. இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை இடது கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தாளுக்கு ஒரு தடவை, தன் மண்டைக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டார்.

பச்சைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை என்று மூன்றாம் வகுப்பிலிருந்து நமக்குத் தெரியும். ஆனால் எந்த மஞ்சள், எந்த நீலம்? அதில் சிவப்பு ஒரு துளி சேர்ந்தால் பச்சை கொஞ்சம் அடங்கும். இரண்டு துளி சேர்ந்தால் இறந்துவிடும். சார் எப்போதும் மூன்றாவது துளியும் போடுவார். தட்டில் கூவம் ஓடும். போதாக்குறைக்குச் சித்திரையில் நம்மூர் மரங்கள் பச்சையாகவே இருப்பதில்லை. வேம்பின் கொழுந்து செம்பு நிறத்தில் வருகிறது. அரசின் தளிர் இளஞ்சிவப்பில் பளபளக்கிறது. புங்கம் மட்டும்தான் ஒழுங்காகப் பச்சை, அதுவும் கண்ணைக் கூசும் பச்சை. “குரு சொன்ன இலை இப்படி இல்லையே” என்று போனில் இருக்கும் படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். மாதிரியோடு ஒத்துப்போகாத வேப்பமரத்தைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் அவர் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை.

காம்பவுண்டு சுவரில் தொங்கும் காகிதப்பூவை வரைந்த அன்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மூன்று ரோஸ் நிற இதழ்களை அழகாகவே போட்டிருந்தார். அது இதழில்லை சார், வண்ணம் ஏறின ஒரு மாதிரி இலை. நடுவில் குச்சி மாதிரி நிற்கிறதே சின்னதாக வெள்ளையாக, அதுதான் பூ என்று சொல்லிவிட்டேன். சார் உள்ளே போய் வங்கிக் காலத்துப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தார். வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

“முப்பது வருஷமா என் வீட்டு வாசல்லயே ஆள்மாறாட்டம் நடந்திருக்கு சார்.”

மல்லிகை வேறு விதத்தில் கைவிரித்தது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாகப் பூசுவதில்லை. தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அதாவது மல்லிகை வரைய வேண்டுமானால் மல்லிகையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வரைய வேண்டும். எனக்கு இது பெரிய தத்துவமாகப் பட்டது. அக்காவிடம் சொன்னேன். “அதுக்கு மல்லி வாங்கித் தலையில வச்சுக்கலாமே” என்றார். சார் முழுத் தாளுக்கும் கரும்பச்சை அடித்து முடித்துவிட்டு, பூவுக்கு இடம் விட மறந்ததை உணர்ந்து, வெள்ளை ட்யூபைப் பிதுக்கிப் பிதுக்கி வைத்தார். சாயந்திரம் பூக்காரம்மா கூடையை இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“முட்டையா சார்?”

இதனால் சொல்வது: புதிய ஓவியரிடம் இது என்ன என்று கேட்கவே கூடாது. “வெளிச்சம் நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் போக வேண்டும். எந்தப் படத்துக்கும் பொருந்தும். நான் இதுவரை பதினேழு முறை சொல்லியிருக்கிறேன், ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை.

சாதத்தட்டின் முன் உட்கார்ந்தாலும் வியாதி விடுவதில்லை. சாம்பார் இவருக்கு ரா சியன்னா. வத்தக்குழம்பு பர்ன்ட் அம்பர். புது டிகாஷனில் பால் விழும்போது குனிந்து, “பார், எப்படிப் பரவுது பார்” என்பார். அதற்குள் காபி ஆறிவிடும். பெயின்ஸ் கிரே என்று ஒரு சாம்பல் நிறம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் பெயின் பெயரால் வழங்குவது. அக்கா அதைக் கடைசிவரை பேன் கலர் என்றுதான் சொன்னார்.

அவரைக் கொஞ்சம் தூக்கிவிடலாம் என்று நம்மூர்க் கதை ஒன்றைச் சொன்னேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மவர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களோடு வைட்டின் நூல் வந்தது. கோவிந்துவின் கையைப் பாராட்டி ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார் வைட். மகரந்தக் காம்புவரை எண்ணி வரைந்த கைகள். சொல்லும்போது எனக்கே தொண்டை அடைத்தது.

சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “என்ன பிரஷ் யூஸ் பண்ணாங்க?”

அந்த எட்டாம் நம்பருக்கு வருகிறேன். மாடியில் அக்கா க்ரோ பேக்கில் பரங்கி போட்டிருந்தார். கொடி தடபுடலாக ஓடியது, பூவும் பூத்தது, பிஞ்சு மட்டும் சுண்டுவிரல் அளவில் மஞ்சளாகி உதிர்ந்தது. மூன்றாவது மாடிக்குத் தேனீ ஏறி வருவதில்லை. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் உட்கார்ந்திருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. விடியற்காலை விரிந்து வெயில் ஏறுவதற்குள் மூடிக்கொள்ளும். அதற்குள் ஒருவர் போய் அதன் தூளை இதற்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்குத் தோதான சாதனம், மெத்தென்று, நுனி கூராக, அணில் முடியில், பீரோவுக்குள் இருந்தது.

ஆறு மணிக்கு அக்கா மாடிக்குப் போவார். ஏழு மணிக்கு சார் எழுந்திருக்கும்போது தூரிகை கைக்குட்டைக்குள் பழையபடி படுத்திருக்கும்.

வைகாசியில் ஒரு நாள் சார் என்னைக் கூப்பிட்டார். மாடியில் வடாம் காய்கிற வேட்டியின் ஓரத்தில், நான்கு கல் வைத்து, ஒரு படம் காய்ந்துகொண்டிருந்தது. முந்நூறு ஜி.எஸ்.எம். தாள், ஆம், கடைசியில் அதைத் தொட்டேவிட்டார். பரங்கிப் பூ. இதழ்கள் ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தன, இலை கூவத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் பூவின் நடுவில், அந்த ஆழத்தில், ஒரு மஞ்சள். பொடிப்பொடியாக, சூடாக, தொட்டால் விரலில் ஒட்டும் போல. அன்று முதல் தடவையாக வெளிச்சத்தைப் பற்றிப் பேசாமல், “இந்த மஞ்சள் எப்படி சார் வந்தது?” என்று நிஜமாகவே கேட்டேன்.

“காட்மியம் யெல்லோ ரெண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு துளி” என்றார். மூன்றாவது துளி போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். கீழே படத்தின் மூலையில் கையெழுத்து. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு சுழி மாறாத கையெழுத்து.

மாதக் கடைசியில் அக்கா ஒரு பரங்கிக் கீற்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். திரும்பிப் போனவர் கேட்டில் நின்று, எதிர்வீட்டுத் திண்ணையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அன்னிக்கு குக்கர் விசில் வந்துடுச்சேன்னு பிரஷ்ஷைக் கழுவாமலே உள்ள வச்சிட்டேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி.”