தைத்து அனுப்பிய பென் டிரைவ்

அனுப்புநர்:
சிப்காட் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்,
கடலூர் – சிதம்பரம் சாலை, கடலூர்.

பெறுநர்:
நூல் ஒப்படைப்புச் சட்டத்தைப் பொத்திப் பாதுகாத்துவரும் அதிகாரி அவர்கள்,
ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: பிடிஎஃப் ஒன்றை ஊசிநூல் கொண்டு தைப்பது எப்படி என்று விளக்கம் கோருதல் தொடர்பாக.

பார்வை: நூல்கள், செய்தித்தாள்கள் ஒப்படைப்பு (பொது நூலகங்கள்) சட்டம், 1954, பிரிவு 3.

ஐயா,

சிப்காட் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டு விடுகிற நேரத்தில் இதை எழுத உட்கார்ந்தேன். இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். படிவம், பிள்ளையின் சாதிச் சான்றிதழ் என்று ஆறேழு பேர் வந்துபோனதில் விட்டுவிட்டு எழுதும்படி ஆயிற்று. அங்கங்கே கோர்வை விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் சட்டத்திலும் ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. கடிதமே அதைப் பற்றித்தான்.

நான் ஒரு புத்தகம் எழுதிவிட்டேன். 62 பக்கம். எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசைக் காற்றில் என்ன நாற்றம் வந்தது என்று குறித்துவைத்தது. அழுகிய முட்டை, நகப்பாலிஷ், கருகிய ரப்பர், பெயர் தெரியாத ஒரு தித்திப்பு. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடிக்காரர்களுக்கு இதெல்லாம் கடிகாரம் மாதிரி. மூக்கை வைத்தே மணி சொல்வார்கள். முதலில் நோட்டில்தான் எழுதினேன். 2015 வெள்ளத்தில் நோட்டு ஊறிக் கூழாகிவிட்டது. பிறகு நினைவிலிருந்ததையும் புதிதாகச் சேர்ந்ததையும் கம்ப்யூட்டரில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவருகிறேன். விலை கிடையாது.

கடைக்கு வரும் வக்கீல் குமாஸ்தா ஒருவர்தான் வயிற்றில் புளியைக் கரைத்தார். “புஸ்தகம் போட்டா முப்பது நாளைக்குள்ள நாலு லைப்ரரிக்கு சொந்தச் செலவுல அனுப்பணும், தெரியுமாண்ணே? இல்லன்னா ஃபைன்.” உடனே சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். (சட்டம் பிடிஎஃப்பாகத்தான் கிடைத்தது.)

கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பையில் ஆசியாடிக் சொசைட்டியின் நூலகம், தில்லி பொது நூலகம். ஆக நான்கு. அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதம், அதோடு புத்தகத்தின் விலை. என் புத்தகத்துக்கு விலை இல்லை என்பதால் ஐம்பதோடு போயிற்று. ஐயா, என் கடையில் ஸ்பைரல் பைண்டிங்குக்கே நாற்பது ரூபாய். 1954-ல் ஐம்பது ரூபாய் கொஞ்சம் பெரிய தொகையாக இருந்திருக்கும். இடையில் தங்கம் ஏறியது, தக்காளி ஏறியது, அந்த ஐம்பது மட்டும் அசையாமல் நிற்கிறது. விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசாங்கத்தால் முடியாது என்று இனி எவனாவது சொல்லட்டும்.

அபராதம் போகட்டும். புத்தகம் என்றால் என்ன என்று பிரிவு 2 சொல்கிறது. தொகுதி, தொகுதியின் பகுதி, துண்டுப் பிரசுரம், இசைத்தாள், நிலப்படம், வரைபடம். அச்சடித்ததும் வரலாம், கல்லச்சில் எடுத்ததும் வரலாம். கல்லச்சு தெரிந்த சட்டத்துக்குக் கணினி தெரியாது. பிரிவு 3 இன்னும் கறார். தேசிய நூலகத்துக்குப் போகும் பிரதி இருப்பதிலேயே நல்ல தாளில் இருக்க வேண்டும். படங்கள் சிறந்த பிரதியில் உள்ளதைப் போலவே வண்ணமிட்டு முழுமையாக இருக்க வேண்டும். கட்டப்பட்டோ தைக்கப்பட்டோ வர வேண்டும். படித்துவிட்டு என் பிடிஎஃப்பை ஒருமுறை திறந்து பார்த்தேன். எங்கே ஊசியைக் குத்துவது என்று பிடிபடவில்லை. என் வீட்டம்மாவிடமும் கேட்டேன், அவள் தையல் படித்தவள். அவளுக்கும் தெரியவில்லை.

நான்கு நகரங்களுக்கும் அனுப்புமுன் ஒத்திகை பார்க்கலாமே என்று ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனேன். அந்த நான்கில் ஒன்றல்ல. பெயர் எதற்கு, அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள்.

“புக் குடுக்கணும் மேடம்.”

“குடுங்க சார்.”

பென் டிரைவை நீட்டினேன்.

“இது புக் இல்ல சார், ஃபைல். ஃபைல்னா தபால் செக்‌ஷன்ல குடுங்க.”

தபால் செக்‌ஷனில் அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று இரண்டு பேர் கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் வயதானவர் ஒருவர் அருள் கூர்ந்து, “பிரிண்ட் எடுத்துட்டு வாங்க தம்பி, எல்லாருக்கும் நிம்மதி” என்றார். ஊருக்குத் திரும்பி, என் கடையில், என் மெஷினில், என் காசில் பிரிண்ட் எடுத்து, தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரசீதும் தந்தார்கள். நான்கு மாதம் கழித்து, அது அலமாரியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் போனேன்.

“மெம்பரா சார்?”

“அந்த புக்க எழுதினதே நான்தான்.”

“அது இருக்கட்டும். ரிசர்ச் ஸ்காலரா? கைடு லெட்டர் இருக்கா?”

எல்லாம் முடிந்து உள்ளே விட்டபோது, புத்தகத்துக்கு இன்னும் அக்ஸஷன் நம்பர் போடவில்லை, நம்பர் விழாத புத்தகத்தை எடுத்துக் காட்ட விதி இல்லை என்றார்கள். எப்போது விழும் என்றேன். விழும்போது விழும் என்றார்கள். வாசலில் நின்று என் போனில் என் புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் படித்துவிட்டு பஸ் ஏறினேன்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை, ஐயா. எங்கள் ஜில்லாவுக்கு இது புதிதும் இல்லை. இதே சாலையில் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் சிதம்பரம். ஒப்படைத்த ஏடுகளைப் பூட்டிவைக்கும் கலை எங்களுக்கு அங்கிருந்தே வந்தது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறைக்குள் இருப்பதாகத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி சொல்ல, ராஜராஜன் புறப்பட்டு வந்தான் என்பது திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. தில்லைவாழ் அந்தணர்கள் விதியை எடுத்து நீட்டினார்கள். கதவில் இருப்பது மூவரின் கை அடையாளம். எழுதிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம். எழுதியவனையே கூட்டிவா என்கிற இந்த விதிக்கு முன்னால் இன்றைய ஓடிபி எல்லாம் குழந்தை விளையாட்டு. மூவரும் போய்ச் சேர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ராஜா என்ன செய்தான்? மூவரின் திருமேனிகளையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து கதவுக்கு முன் நிறுத்திவிட்டான். வந்திருப்பது வெறும் படிமம் என்று எவராவது சொன்னால், உள்ளே ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றியும் அதே கேள்வி வரும். கதவைத் திறந்தார்கள். ஏட்டின் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. ராஜா கலங்கி நிற்க, இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் மிச்சம் வைத்தோம் என்று அசரீரி கேட்டதாம்.

பக்தர்கள் மன்னிக்கட்டும், எனக்கு அந்த அசரீரி ஒரு துறைச் செயலாளரின் குரல் மாதிரியே கேட்கிறது. போனது வேண்டாதது, இருப்பதே வேண்டியது.

பூட்டுவதில் வெள்ளைக்காரன் நம்மை விஞ்சிவிட்டான் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பிரிட்டனில் 2003-ல் சட்டத்தைப் புதுப்பித்து, 2013 ஏப்ரலில் விதிகள் கொண்டுவந்து, மின்னூல், மின்னிதழ், இணையப் பக்கம் எல்லாவற்றையும் ஒப்படைப்பில் சேர்த்துவிட்டார்கள். ஆறு நூலகங்கள் அள்ளிக்கொள்கின்றன. நம்மைப் போல வாங்கமாட்டேன் என்று சொல்லும் கூச்சமெல்லாம் அவர்களிடம் இல்லை. ஆனால் படிப்பவர் நூலகத்துக்கு நேரில் போய், அங்குள்ள கணினியில்தான் படிக்க வேண்டும். கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு வரக் கூடாது. ஒரு நூலகத்தில் ஒரு படைப்பை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். எத்தனை ஆயிரம் பேர் ஒரே நொடியில் திறந்தாலும் தேயாத ஒரு பொருளுக்குக் கியூ வரிசை வைத்த மூளையை என்னவென்று சொல்வது! பக்கத்து நாற்காலிக்காரர் அந்த மின்னூலை மூடும்வரை நீங்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கிவிட, அந்த ஒற்றை நாற்காலியும் நெடுநாள் பயன்படாமல் கிடந்தது. அங்கே செல் வேறு ரூபத்தில் வந்தது, அவ்வளவுதான்.

வாங்காமலே இருப்பது ஒரு முறை, வாங்கிப் பூட்டுவது இன்னொரு முறை. முதலாவது செலவில்லாதது என்பதால் அமைச்சகம் அதைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் புரிகிறது.

என் நாற்றப் புத்தகம் போனால் போகட்டும், அரசு அறிக்கைகளாவது நிற்கின்றனவா? 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. கடலூர் எடுத்தது நூற்றுக்கு 77.45. எழுபதைத் தாண்டினாலே கடும் மாசு. அப்படித் தாண்டியவை 43 இடங்கள். தமிழ்நாட்டில் வேலூர் மட்டும் எங்களை முந்தியது, மணலி எங்களுக்குப் பின்னால்தான் வந்தது. பத்தாம் வகுப்பில் நான் எடுக்காத மார்க்கை என் ஊர் எடுத்தது. போன வருடம் கல்லூரி மாணவி ஒருத்தி கடைக்கு வந்து, சிப்காட் பற்றிய ஓர் அறிக்கை வேண்டும் என்றாள். ஓர் அலுவலகத்தின் தளத்தில் அது இருந்த இணைப்பை நான் குறித்துவைத்திருந்தேன். அழுத்தினோம். 404 என்று வந்தது. “இது எந்த வருஷத்து மார்க் அங்கிள்?” என்றாள்.

காகிதம் தொலைந்தால் திருடனைத் தேடலாம். இணைப்பு அறுந்தால் யாரைத் தேடுவது? அதைக் காப்பது எவருடைய வேலை என்று உங்கள் சட்டத்தில் ஒரு வரி இல்லை. அரசு வெளியிடும் நூல்களுக்கும் சட்டம் பொருந்தும் என்கிறது பிரிவு 7. கூடவே, அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டுமானவை சேராது என்று ஒரு சின்னக் கதவையும் திறந்துவைக்கிறது. அந்தக் கதவின் அகலம் எவ்வளவு என்று எங்களுக்குக் காட்டியவர்கள் இல்லை.

இத்தனைக்கும் மின்பிரதி என்றால் என்னவென்று தில்லிக்குத் தெரியும். உங்கள் பக்கத்து அமைச்சகம், சுற்றுச்சூழல் அமைச்சகம், 2006-ல் கொண்டுவந்த அறிவிக்கை இருக்கிறது. தொழிற்சாலை தொடங்குகிறவர் தன் வரைவு அறிக்கையைக் காகிதமாகவும் மின்பிரதியாகவும் கொடுக்க வேண்டும், சுருக்கம் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும், கலெக்டர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது. எத்தனை நாள்? கருத்துக்கேட்புக் கூட்டம் முடியும்வரை. எந்நேரம்? அலுவலக நேரத்தில். ஷிப்டில் நிற்கிறவன் அலுவலக நேரத்தில் எங்கே இருப்பான் என்பதை விட்டுவிடலாம். கூட்டம் முடிந்த மறுநாள் அந்த மின்பிரதி எங்கே போகிறது? ஆலை ஐம்பது வருடம் ஓடும். அது என்ன வாக்குறுதி கொடுத்துவிட்டு வந்தது என்கிற அறிக்கைக்கு ஆயுள் கூட்டம் முடியும்வரைதான்.

பதிப்பாளர்கள் எதிர்ப்பார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். நியாயமான பயம்தான். முந்நூறு பிரதி விற்று வயிறு வளர்க்கிறவரிடம் போய், கோப்பைக் கொடு, ஊரெல்லாம் இலவசமாகப் படிக்கட்டும் என்றால் அவர் எங்கே போவார்? நார்வேயில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். உரிமையாளர்களின் அமைப்போடு ஒப்பந்தம் போட்டு, பணமும் கொடுத்து, 2000 வரை வந்த தங்கள் நாட்டுப் புத்தகங்களை நாட்டுக்குள் இருப்பவர் வீட்டிலிருந்தே படிக்கும்படி செய்தார்கள். அது நமக்குப் பெரிய செலவு என்றால், விலையே போடாத வெளியீடுகளிலிருந்தாவது தொடங்கலாமே. வாரிய அறிக்கையை விற்று யாரும் வீடு கட்டவில்லை. அதைத் திறந்துவைத்தால் யாருக்கு நஷ்டம் என்று பதிலில் குறிப்பிட்டால், தினமும் கடைக்கு எதிரே காரில் போகிறவர்களிடம் அனுதாபம் தெரிவித்துவிடுவேன்.

கல்லச்சு என்கிற சொல்லுக்குப் பக்கத்தில் மின்வெளியீடு என்று ஒரு சொல்லைச் சேருங்கள். வந்து சேருகிற கோப்பை இரண்டு ஊர்களில் வையுங்கள். ஒன்று வெள்ளம் வராத ஊராக இருக்கட்டும். படிக்கிற கணினியில் ஒன்றைச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஒன்றைக் கடலூரிலும் போடுங்கள். 1,800 கிலோமீட்டருக்கு மேல் போய்க் கொல்கத்தாவில் என் தெருக் காற்றைப் பற்றிப் படிக்க எனக்கு லீவு கிடைக்காது. இரவு எட்டு மணிவரை திறந்திருந்தால் இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவன் பகலிலும், முதல் ஷிப்டு முடித்தவன் சாயங்காலத்திலும் வருவான். கைடு லெட்டர் கேட்காதீர்கள். எங்களுக்கு கைடு மூக்குதான்.

இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் வேண்டும், காலம் ஆகும் என்று தெரியும். அதுவரை நான் சட்டத்தை மீறியவனாக இருக்க மனம் ஒப்பவில்லை. எனவே பிரிவு 3-க்கு என்னால் முடிந்த அளவு கீழ்ப்படிந்து, கீழ்க்கண்ட இணைப்பைத் தங்களுக்கே அனுப்புகிறேன். தேசிய நூலகத்தில் சேர்ப்பித்து, எழுத்துமூலமான ரசீது ஒன்றை வாங்கித்தரக் கோருகிறேன். ரசீதை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் போதும்; நான் தைத்துக்கொள்வேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரன்.

இணைப்பு: பென் டிரைவ் ஒன்று. மஞ்சள் துணியில் வைத்து, நான்கு ஓரமும் வெள்ளை நூலால் இரட்டைத் தையல் போட்டது. தையல் என் வீட்டம்மா. உள்ளே 62 பக்கம், படங்கள் வண்ணத்தில். பிரிக்கும்போது தயவுசெய்து நூலை மட்டும் அறுக்கவும்.