முண்டு மடக்கலின் மூட்டியல்: திருவனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

மனிதன் எப்படி நிற்க வேண்டும் என்பதை உடற்கூற்றியலார் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். நிமிர்ந்து, நேரே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்னே காட்டி நிற்க வேண்டும். பெயர், அனடாமிக்கல் பொசிஷன். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அங்கும் மாணவர்களுக்கு இதுவே அரிச்சுவடி. ஆனால் கல்லூரிக்கு வெளியே இப்படி நிற்கும் ஆளைக் காண்பது அரிது. தம்பானூர் பேருந்து நிலையத்தில் இப்படி நின்று பார்த்தால் யாராவது உள்ளங்கையில் சில்லறை போட்டுவிட்டுப் போவார்கள்.

உள்ளங்கைப் பிடிவாதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நிலையில்தான் முன்கை எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் இணைகோடுகளாக இருக்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே விழும். இது ப்ரொனேஷன். திரும்ப மலர்த்தினால் சூப்பினேஷன்.

கிடை நிலைகள்

மல்லாந்து கிடப்பது சூப்பைன், குப்புறக் கிடப்பது ப்ரோன். இரண்டுக்கும் சான்று பத்மநாபசுவாமி கோயிலிலேயே கிடைக்கிறது. பெருமாள் அனந்தன் மேல் மல்லாந்து பள்ளிகொண்டிருக்கிறார். எதிரே உள்ள ஒற்றைக்கல் மண்டபத்தில் குப்புற விழுந்து வணங்கும் உரிமை மரபுப்படி திருவிதாங்கூர் மன்னருக்கே. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பெருமாளிடம் ஒப்படைத்துப் பத்மநாபதாசர் ஆனார். ஆண்டவர் சூப்பைன், ஆள்பவர் ப்ரோன். இதைவிடச் சுருக்கமான அரசியல் சாசனம் இந்த ஆய்வாளர் கண்ணில் பட்டதில்லை.

படுத்திருந்தாலும் தலைப்பக்கமே 'மேல்', கால்பக்கமே 'கீழ்' என்பது உடற்கூற்றியல் விதி. கோயிலும் அதை மீறவில்லை. மூன்று வாசல்களில் முதலாவதில் திருமுகம், நடுவில் நாபி, மூன்றாவதில் திருவடி. பாடப்புத்தகங்கள் இந்த ஒழுங்கைக் கண்டு கற்கலாம்.

முண்டு மடக்கல்: செய்முறை

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். இந்நகர ஆண்மகன் நடந்துகொண்டே முண்டை, அதாவது வேட்டியை, மடக்கிக் குத்துவதை நான்கு கட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதற்கட்டம்: கீல் மூட்டான முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது. ஃப்ளெக்ஷன். குதிகால் முண்டின் கீழ்க்கரையை மேலே எற்றிவிடுகிறது.

இரண்டாம் கட்டம்: எழும்பிய கரையை விரல்கள் மடங்கிப் பற்றுகின்றன. முதுகெலும்பு மடங்கவே மடங்காது. குனிந்து எடுப்பவர் வெளியூர்க்காரர் என்று அறிக.

மூன்றாம் கட்டம்: முழங்கைகள் மடங்க, கரை இடுப்புக்கு ஏறுகிறது. பந்துக்கிண்ண மூட்டான தோளில் கை உடம்பை விட்டு விலகுகிறது, அது அப்டக்ஷன். பிறகு உடம்போடு சேர்கிறது, அது அடக்ஷன்.

நான்காம் கட்டம்: முன்கைகள் கவிழ்ந்து, முனைகள் இடுப்பில் செருகப்படுகின்றன. ப்ரொனேஷன்.

இத்தனையும் நடக்கும்போது பேச்சு நிற்காது. பெரும்பாலும் அது அரசியல்.

பலன் யாதெனில், இடுப்பு மூட்டுக்கு விடுதலை. தொடை தாராளமாக உயர்கிறது. பேருந்தின் உயர்ந்த படியில் ஏறலாம், மழைநீர் தேங்கிய தெருவைத் தாண்டலாம்.

அவிழ்த்தலின் அறம்

எதிரே ஆசிரியரோ பெரியவரோ வந்தால் முண்டு உடனே இறங்க வேண்டும். அதற்கு விரல்களை நீட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்று போதும், மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஏற்றுவதற்கு இத்தனை மூட்டுகள், இறக்குவதற்குச் சில விரல்கள். பணிவு சிக்கனமானது என்பதற்கு உடற்கூற்றுச் சான்று இதுவே.

முந்தைய ஆய்வுகளின் குறை

1858இல் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலில் முண்டு இல்லை. அதற்குப் படம் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர், வேலையை முடித்த பிறகே இந்தியா வந்து பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். வரிசை மாறியிருந்தால் முழங்கால் மூட்டுக்குப் பொருத்தமான படம் கிடைத்திருக்கும்.

முடிவும் பரிந்துரையும்

அனடாமிக்கல் பொசிஷன் பிணவறை மேசைக்கே பொருந்தும். உயிருள்ள உடம்புக்கு, முண்டை மடக்கிக் குத்தி நிற்பதையே 'திருவனந்தபுர நிலை' என்று பாடநூல்கள் ஏற்க வேண்டும். முடிவைச் சரிபார்க்க விரும்பும் தமிழ்நாட்டு வாசகர்கள் முதல் சோதனையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவும். ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியில் எடுத்த முடிவுகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.