சுண்டுவிரல்

போன ஞாயிறு, பதினான்கு பிள்ளைகளுக்கு விடுதலையின் பொருளைப் புரியவைப்பதற்காக விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி ஊர்ந்த நேரத்துக்குள் கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். கிடைத்த விடுதலையை மனம்போன போக்கில் செலவழிக்காதே, அடுத்தவனுக்கு அன்போடு ஊழியம் செய் என்கிறார் பவுல். பாடம் ரெடி.

சண்டே கிளாஸில் நுழைந்ததும் முதல் வேலையாக, "எல்லாரும் கையக் கட்டு, வாய்மேல விரல் வை" என்றேன். விடுதலையை வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பதாம்? எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றவர்கள் ஆராதனையில் நிம்மதியாக உட்காரத்தானே பிள்ளைகளை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள்?

"நாம எல்லாரும் பாவத்துக்கு அடிமையா இருந்தோம்..." என்று ஆரம்பித்தேன். ஒரு சுண்டுவிரல் எழுந்தது.

சுண்டுவிரல் தனியாக எழாது. முன்வரிசையில் ஒன்று எழுந்தால் பின்வரிசையில் நான்கு எழும். முழங்காலை நெருக்கிக்கொண்டு எழுவது நிஜ விரல். சிரித்துக்கொண்டே எழுவது பொய் விரல். "சார், இவனுக்கு வருதாம் சார்" என்று அடுத்தவனுக்கு வக்காலத்து வாங்கும் விரல் ஒன்று உண்டு. அதற்குத் துணைக்குப் போகும் விரல் இன்னொன்று. துணைக்குப் போனவனைத் தேடிப் போகும் விரல் மூன்றாவது. பிஸ்கட் கொடுக்கும்போது ஒரு விரலும் எழுந்து நான் பார்த்ததில்லை. விடுதலை, பரிசுத்தம், கீழ்ப்படிதல் என்று வாயைத் திறந்தால் போதும், பதினான்கு பேரின் சிறுநீரகங்களும் வேலையை ஆரம்பித்துவிடும். மோசேகூடப் பார்வோனிடம் முதலில் கேட்டது மூன்று நாள் பயணத்துக்கான அனுமதிதான். போனவன் திரும்ப மாட்டான் என்று பார்வோனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் பத்து வாதைகளைப் பாடம் நடத்தியும், அந்த ஆள் பக்கத்து நியாயம் எனக்குப் போன ஞாயிறுதான் புரிந்தது.

"பாடம் முடியட்டும், உக்காரு" என்றேன். பையனின் முகம் போன போக்கைப் பார்த்ததும், விரித்திருப்பது சபையின் புதுப் பாய் என்பது நினைவுக்கு வந்தது. போகவிட்டேன். ஒவ்வொன்றாகப் பதிமூன்றும் போயின.

மிச்சமிருந்தது ஒரு சிறுமி. அவளுக்காவது உள்ளூர்க் கதையைச் சொல்லலாம் என்று ஐடா ஸ்கடரை எடுத்தேன். 1890 வாக்கில் இதே திண்டிவனத்தில் தாய் தகப்பனோடு தங்கியிருந்த இளம்பெண். சீக்கிரம் அமெரிக்கா திரும்பிவிட வேண்டும் என்பதே எண்ணம். ஓரிரவு, மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள்...

கதவு தட்டப்பட்டது. "சார், பேட்டு உள்ள மாட்டிக்கிச்சு."

எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தேன். மூவரின் மனைவிமாருக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் கூடாது என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பிவந்து, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

சிறுமி யோசித்தாள். "அப்ப அந்தம்மா இங்கயே மாட்டிக்கிட்டாங்களா சார்?"

இதற்குத்தான் நாற்பது கிலோமீட்டர் வந்தேன். பவுலின் பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குமுன் ஓர் அற்ப ஆசை. "எல்லாரும் போயிட்டாங்க. நீ மட்டும் ஏம்மா போகல?"

"என் செருப்பக் காணோம் சார். வெயில்ல கால் சுடுது."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஸ்டம்பாக நட்டுவைத்திருந்தார்கள். ஒன்று அவளுடையது. இன்னொன்று என்னுடையது.