மறுபடியும் பெரட்டுக்கு

எங்கள் தாமானில் ஒருவருக்கு எழுபது வயது ஆகிவிட்டதா என்று மைகாட்டை வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை. அவருடைய வாட்சாப்பைப் பார்த்தால் போதும். அறுபதில் பேரப்பிள்ளைகளின் படம் வரும். அறுபத்தைந்தில் மூட்டுவலித் தைலம் வரும். எழுபதில் 'மூத்தோருக்கான ஓய்வுக் கிராமம்' என்று வண்ணவண்ணக் கையேடு வரும். அனுப்புவது பெற்ற பிள்ளையாகத்தான் இருக்கும். கூடவே ஒரு வரி: "அப்பா, சும்மா போய்ப் பார்த்துட்டு வாங்க." என் இளமையில் பெண் பார்க்க அனுப்பியபோதும் வீட்டில் இதையேதான் சொன்னார்கள். சும்மா பார்க்கப் போன அந்தப் பெண்தான் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, கையேட்டில் சமையலறை எவ்வளவு பெரிது என்று மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குளுவாங் பக்கத் தோட்டமொன்றில் கிராணியாக இருந்தவன். முதலில் ரப்பர், பிறகு செம்பனை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒரு கோடு, வராதவனுக்கு ஒரு சுழி என்று செக்ரோல் எழுதியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். எதற்கும் முதலில் செலவில்லாத வழியைத் தேடுவது கிராணி புத்தி. ஜொகூர் பாருவில் சமூக நலத்துறை நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறதே, அதற்கு என்ன தகுதி என்று விசாரித்தேன். 60 வயது ஆகியிருக்க வேண்டும்: தேர்ச்சி. தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும்: தேர்ச்சி என்றேன், மனைவி சிரித்தாள். பார்த்துக்கொள்ள வாரிசு இருக்கக்கூடாது, தங்க வீடு இருக்கக்கூடாது: இரண்டிலும் தோல்வி. இருபத்தைந்து வருஷம் பேங்குக்குக் கட்டிய வீடும், கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளைகளும் சேர்ந்து என்னைக் கவிழ்த்துவிட்டன. நியாயம்தான். அது நாதியற்றவர்களுக்கான இடம். நாதி இருப்பவன் அங்கே வரிசையில் நிற்பது பாவம்.

ஆக, காசு கொடுத்துப் போகும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். துணைக்கு எங்கள் பழைய தண்டலைக் கூட்டிக்கொண்டேன். வயது என்னைவிடக் கூடுதல், வாய் அதைவிடக் கூடுதல். இருநூறு பேரை நிரையில் பிரித்துவிட்ட மனிதர். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அங்கே யார் வேலை செய்கிறார், யார் வேலை செய்வதுபோல் நிற்கிறார் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஜொகூர் பாருவிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருந்தது அந்தக் கிராமம். பெயர் வேண்டாம். வாசலில் நீரூற்று, பக்கத்தில் பிளாஸ்டிக் வாத்து. சுற்றிக் காட்ட ஒரு சீனப் பெண் வந்தாள். பேத்தி வயது. 'அங்கள்' என்று அவள் கூப்பிட்ட விதத்தில் சர்க்கரை வியாதியே வந்துவிடும்.

"இது முதியோர் இல்லம் இல்லை அங்கள்" என்றுதான் ஆரம்பித்தாள். அதில் உண்மை இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் 506-ஆம் சட்டம் பராமரிப்பு நிலையங்களைப் பற்றியது. நான்கு பேர் அல்லது அதற்கு மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் என்றால் பதிவு செய்ய வேண்டும். தீபாவளிக்கு என் வீட்டில் கூடும் மாமன் மச்சான் கூட்டத்தைப் பார்த்தால் நானே பதிவு செய்ய வேண்டியிருக்கும். 2018-இல் வந்த 802-ஆம் சட்டம், முதியவர்களுக்கு மருத்துவப் பராமரிப்புத் தரும் தனியார் நிலையங்களைப் பற்றியது. ஆனால் தன் காலில் நடந்து, தன் கையால் கோப்பி கலக்கிக் குடிக்கிறவர் போய்க் குடியிருந்தால் அவரை யாரும் 'பராமரிப்பதாக' ஆகாது. அவர் வெறும் குடித்தனக்காரர். ஓய்வுக் கிராமத்துக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. இதை மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

"தினமும் காலையில ஒன்பது மணிக்குள்ள இந்தப் பட்டனை அமுக்கணும் அங்கள். அமுக்கலைன்னா எங்க ஆள் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பாங்க."

தண்டல் என் காதருகே குனிந்தார். "ஐயா, இது பெரட்டு."

அவ்வளவுதான். அதன்பிறகு அந்தப் பெண் எதைக் காட்டினாலும் எங்களுக்குத் தோட்டம்தான் தெரிந்தது. 'நலவாழ்வு மையம்' என்று ஓர் அறை, உள்ளே இரத்த அழுத்தக் கருவி, ஒரு தாதி. டிரெஸ்ஸர் வீடு! 'சமூகத் தோட்டம்' என்று நாலு பாத்தி, அதில் வெண்டைக்காய். லயத்துக்குப் பின்னால் எல்லாரும் போட்டதுதான். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், கூடி உட்கார ஒரு கொட்டகை, எல்லா மதத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை. "கள்ளுக்கடை ஒண்ணுதான் குறை" என்றார் தண்டல். அந்தப் பெண்ணுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல நான் முன்வரவில்லை. கணக்கில் மட்டும் ஒரு வித்தியாசம். அன்று பெரட்டுக்கு வந்தவனுக்கு நான் பேர் போட்டேன், சம்பளம் விழுந்தது. இங்கே பெரட்டுக்கு வருவதற்கு நான் சம்பளம் கொடுக்க வேண்டும்.

லயத்து வாழ்க்கையைப் பொன்னாகப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் லயத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நான் இருந்ததும் கிராணி வீடு. கூரை ஒழுகாத பக்கம். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விடுகிறேன்.

குளியலறைக்கு வருவோம். ஒரு கிராமத்தை எடைபோட வேண்டுமானால் வரவேற்பறையை விட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போக வேண்டும். முதலில் கதவு. உள்பக்கம் திறக்கும் கதவு என்றால், உள்ளே ஒருவர் கதவோரமாக விழுந்து கிடக்கும்போது வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. அவர் உடம்பே தாழ்ப்பாள் ஆகிவிடும். இங்கே கதவு வெளிப்பக்கம் திறந்தது. நல்லது. அடுத்தது அவசர மணிக் கயிறு. சிவப்புக் கயிறு, முனையில் முக்கோணப் பிடி. பார்க்க இலட்சணமாக இருந்தது. தரை கழுவும்போது நனைகிறது என்று யாரோ அதை அழகாகச் சுருட்டி, துண்டு போடும் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

தண்டல் கயிற்றைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நிதானமாகக் குளியலறைத் தரையில் மல்லாந்து படுத்தார்.

அந்தப் பெண் போட்ட கூச்சலில் தாதி ஓடிவந்தாள், காவலாளி ஓடிவந்தார், பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் நடைவண்டியோடு வந்தார். தண்டல் படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினார். கயிறு ஒரு முழம் மேலே ஊசலாடியது. "ஐயா, சொல்லுங்க. விழுந்தவன் எழுந்து நின்னு இழுக்கணுமாம். எழுந்து நிக்க முடிஞ்சா இவங்களை ஏன் கூப்பிடப் போறோம்?" நான் ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னேன். நடைவண்டி மூதாட்டி தன் வீட்டுக் கயிற்றைப் பார்க்க உடனே திரும்பிப் போனார். அன்றைக்கு அந்தக் கிராமத்துக்கு நாங்கள் செய்த ஒரே நன்மை அதுதான்.

மதியச் சாப்பாடு கஞ்சி, ஆவியில் வேகவைத்த மீன், தவ்கே. சுத்தம், சத்து எல்லாம் சரி. காரம் என்று கேட்டதற்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் கீச்சாப்பும் நாலு சிலிப்பாடியும் வந்தன. கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படிப்பட்ட குடியிருப்புகள் நிறைய. அங்கே காலையில் இட்லி, மாலையில் பஜனை என்று போகும். ஜொகூரில் அந்த எண்ணத்தோடு போனால் ஏமாற்றம்தான். தொலைக்காட்சி அறையில் கண்டனீஸ் நாடகம் ஓடியது. ரிமோட் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த ஓய்வுபெற்ற சீனத் தலைமையாசிரியர் சத்தமில்லாமல் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். தண்டலும் அவரும் தோட்டத்து மலாயில் பேச ஆரம்பித்து, பூப்பந்தில் சண்டை போட்டு, நண்பர்களாகிவிட்டார்கள். வானவில் அலைவரிசைக்கு மாலை ஏழு மணி வாங்கித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். கையேட்டில் இல்லாத செய்தி எல்லாம் அந்த மேசையில்தான் கிடைத்தது. தாதி இரவில் இருப்பதில்லை என்பதும், மருத்துவமனைக்குப் போகும் வேன் வாரம் ஒரு நாள்தான் என்பதும் உட்பட.

வெள்ளம் வருமா என்ற கேள்விக்கு அந்தப் பெண் சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2023 மார்ச்சில் பத்து பகாட்டும் சிகாமட்டும் பட்ட பாடு இன்னும் காயவில்லை. தண்டல் பின்பக்கம் போய்த் தோட்டக்காரரைக் கேட்டார். அவர் தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டினார். கணுக்கால் என்றால் சமாளிக்கலாம்.

"பிள்ளைங்க சிங்கப்பூர்லயா? ரொம்பப் பக்கம் அங்கள்!" 1924-இல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை மாலையில் அந்த ஒரு கிலோமீட்டரைக் கடப்பதற்குள் என் மகனுக்கு ஒரு வயது கூடிவிடுகிறது. இதில் 2014 முதல் 2024 முடிய ஜொகூருக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. சிங்கப்பூருக்குச் சனி, ஞாயிறு. பதினொரு வருஷம் அப்பனும் மகனும் சனிக்கிழமை மட்டும் உறவினர்களாக இருந்தோம். 2025-இலிருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே ஐந்தே நிமிட இரயில் வரப்போகிறதாம். வரட்டும்.

பிறகு காகிதம் வந்தது. இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

இவ்வகை இடங்களில் வீட்டை வாங்குவதில்லை, வசிக்கும் உரிமையைத்தான் வாங்குகிறோம். ஈப்போவில் கிரீன் ஏக்கர்ஸ் நடத்துவது வாழ்நாள் குத்தகை முறை. அக்கரையில் புக்கிட் பாத்தோக்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மூத்தோருக்கென்று கட்டிய வீடுகளை 15 முதல் 35 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது, வயது 65 ஆகியிருக்க வேண்டும். ஆகவே முறையில் குறையில்லை. நான் பார்த்த காகிதத்தில் முன்பணம், மாதக் கட்டணம், கிளம்பும்போது முன்பணத்தில் இவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் இருந்தது. ஊழியர் சேமநிதி வாரியம் 2019 முதல் சொல்லிவந்த அடிப்படைச் சேமிப்பு, 55 வயதில் 240,000 வெள்ளி. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 ஆண்டுக்கு. இவர்கள் கேட்கும் மாதத்தொகைக்கு அந்த ஆயிரம், மாதத்தின் முதல் வாரப் பசியாறலோடு தீர்ந்துவிடும்.

பணத்தைக்கூட விடுங்கள். எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பிரிவு: குடியிருப்பவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ள முடியாத நிலை வந்தால், எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் அறிவேன். நானே தட்டெழுதியிருக்கிறேன். வேலை செய்ய முடியாத வயது வந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகம் அனுப்பும் கடிதம். கீழே துரை கையெழுத்து, ஓரத்தில் என் சுருக்கொப்பம். தண்டலிடம் படித்துக் காட்டினேன். அவர் அப்படி ஒன்றை வாங்கியவர். "ஐயா, அப்போ வேலை செய்ய முடியலைன்னு அனுப்பினாங்க. இங்க சும்மா இருக்கவும் முடியலைன்னா அனுப்புவாங்களா?" என்றார். அந்தப் பெண், "எல்லாருக்கும் அதே ஒப்பந்தம்தான் அங்கள்" என்றாள்.

நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. இடம் மோசமென்று சொல்லமாட்டேன். தலைமையாசிரியரின் பேச்சும், வெளிப்பக்கம் திறக்கும் கதவும் எனக்குப் பிடித்திருந்தன. நடக்க முடியாமல் போனால் அதே வளாகத்தில் இன்ன செலவில் பார்த்துக்கொள்வோம், பிடித்தம் இவ்வளவுக்கு மேல் போகாது என்று எழுதித் தந்தால் பெயர் கொடுக்கத் தயார் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். பட்டனை அமுக்க முடிகிற காலத்தில் எந்த இடமும் நல்ல இடம்தான். அமுக்க முடியாத காலத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

நியூசிலாந்தில் இதற்கென்று 2003-இல் சட்டம் போட்டார்கள். சொந்தமாக ஒரு வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறாமல் அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. கையெழுத்திட்ட பிறகும் 15 வேலை நாளுக்குள் மனம் மாறிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, ஐயாமார்களே, அம்மாமார்களே, காகிதத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அவர்கள் காட்டும் வழக்கறிஞரை விட்டுவிட்டு, நீங்கள் அறிந்த வழக்கறிஞரிடம் கொடுத்து எட்டாம் பக்கத்தை முதலில் படிக்கச் சொல்லுங்கள்.