திரைக்கேற்ற மனிசன்

2010இல் ஈத்தன் மார்கொட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கொள்கை சொன்னார்: திரை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப இணையப் பக்கம் தானே ஒடுங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையின் கல்முனைப் பக்கம் அது தலைகீழாய் அமுலில் இருக்கிறது. பக்கம் அசையாது, மனிசன் ஒடுங்குவான்.

நிந்தவூரிலோ மருதமுனையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் நின்று பாருங்கள். ஏதோவோர் அரச படிவத்தைத் திறந்த காக்கா போனைச் சரிக்கிறார், இரு விரலால் விரிக்கிறார், கண்ணாடியைக் கழற்றி மாட்டுகிறார். மொழித் தெரிவும் உண்டு, இல்லையென்று சொல்லக் கூடாது. ‘தமிழ்’ பொத்தானை அமத்தினால் தலைப்பு தமிழாகும். கீழே முழுக்க ஆங்கிலம். (தமிழையும் நிர்வாக மொழியாக்கிய, அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுப் பதினாறாம் திருத்தம் தலைப்பு வரை நடந்துவந்து களைத்திருக்கும், பாவம்.)

முழுத்தமிழில் கிடைக்கும் படிவங்கள் பல பாமினியில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்காரவைத்த எழுத்துரு அது. அது இல்லாத போனில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, பிறகோர் அரைப்புள்ளி. யுனிகோட் 1991இலேயே தமிழுக்குத் தனியிடம் கொடுத்துவிட்டது. சில கந்தோர்களுக்கு அந்தச் செய்தி தபாலில் வந்துகொண்டிருக்கிறது போலும்.

“மகன், இத பிரிண்ட் எடுத்துத் தாங்க” என்கிறார் காக்கா. ஏ4 தாள் எல்லாக் கைக்கும் பொருந்தும்.

பயனர் விரும்பினால் இணையப் பக்கம் இருள்நிறத் திரையும் தரவேண்டுமாம். அதில் மட்டும் நாம் முந்திவிட்டோம்: 2022 மார்ச் இறுதியில், யாரும் கேட்காமலே, நாடு முழுவதற்கும் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு.